குழந்தைகளின் நீரிழிவு அவசரநிலையும் செவிலியர் பணியும்

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு உயிரையே பறிக்கக்கூடிய நெருக்கடிகள் இரண்டு. இன்சுலின் போதாமல் இரத்தத்தில் கீட்டோன் பெருகி, உடம்பில் நீர் வற்றி, மயக்கம்வரை கொண்டுபோவது ஒன்று. மருத்துவமனைப் பேச்சில் 'டி.கே.ஏ.'. ஊசி மிஞ்சியோ சாப்பாடு தவறியோ சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவது மற்றொன்று, 'லோ சுகர்'. மருத்துவர் எழுதிவைத்த சிகிச்சையை மணிக்கு மணி பக்கத்தில் நின்று நடத்துபவர் செவிலியர். ஆனாலும் இந்நோயின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நீரிழிவு மயக்கத்துக்கு முன் வரும் ஆழ்ந்த, வேகமான மூச்சை 1874இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் விவரித்தார். அடையாளம் தெரிந்தது, மருந்து இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃப்ரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினிச் சிகிச்சைதான் ஒரே வழி. அதில் செவிலியரின் வேலை, குழந்தையின் உணவைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பதும், அது ஒளித்துச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வதும். எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி தன் செவிலியருடன் 1922 ஆகஸ்டில் டொராண்டோ போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு 15 வயது நிறையவிருந்தது. எடையோ 20 கிலோ. அவ்வாண்டு ஜனவரி 11 அன்று அதே நகரில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டிருந்தார்கள். எலிசபெத் 1981வரை வாழ்ந்தார்.

இன்சுலின் வந்த பிறகு வேலை குறையவில்லை, மாறியது. பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின் செவிலியர்களைப் பயிற்றுவித்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார்; நீரிழிவுக் கல்வி ஒரு தனித் துறையாக வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. வார்டில் அளவுகோலாக இருந்தது பெனடிக்ட் கரைசல். சோதனைக்குழாயில் 5 மி.லி. கரைசல், 8 சொட்டுச் சிறுநீர், கொதிக்க வைத்தால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறமாகும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஊசியின் அளவு. சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம் என்பது இதில் இருந்த பெருங்குறை. 1960களில் இரத்தப் பட்டைகளும் பின்னர் குளுக்கோமீட்டரும் வந்து அதைத் தீர்த்தன. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1948இல், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம்.விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்.

1970கள்வரை டி.கே.ஏ.வுக்குப் பெரிய அளவு இன்சுலினை விட்டுவிட்டுப் போடும் வழக்கம் இருந்தது. குறைந்த அளவை இடைவிடாமல் ஏற்றுவதே மேல் என்று அந்தப் பத்தாண்டில் தெரியவந்தது. செவிலியரின் பொறுப்பைப் பல மடங்காக்கிய மாற்றம் இதுவே.

இன்றைய நடைமுறையில் முதலில் சலைன், அதன்பின்பே இன்சுலின். திரவம் தொடங்கி ஒரு மணி நேரமாவது கழித்து, கிலோ எடைக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் வீதம் ஏற்றுவார்கள். 50 மி.லி. சலைனில் 50 யூனிட் கலந்தால் மி.லி.க்கு ஒரு யூனிட். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கரைசலை வழியவிட்ட பிறகே குழாயைக் குழந்தைக்கு இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் மணி நேரங்களில் மருந்து குழாயிலேயே தங்கிவிடும், சர்க்கரை இறங்காததன் காரணமும் யாருக்கும் பிடிபடாது. பொட்டாசியம் இறங்குவதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை 250–300 மி.கி.க்கு வந்ததும் இன்சுலினை நிறுத்தாமல் குளுக்கோஸைச் சேர்க்க வேண்டும். சர்க்கரைதான் இறங்கிவிட்டதே என்று இன்சுலினை நிறுத்துவது பழைய தவறு. கீட்டோன் அப்படியே இருக்கும். தேறிவரும் குழந்தைக்குத் தலைவலி, எரிச்சல், நாடித்துடிப்புக் குறைவு தென்பட்டால் மூளை வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். நூற்றில் ஒரு குழந்தைக்கோ அதற்கும் குறைவாகவோதான் வரும், டி.கே.ஏ.வில் குழந்தைகள் இறப்பதற்கு முதன்மைக் காரணமும் அதுதான். பெரும்பாலும் அதை முதலில் காண்பவர் இரவுப்பணி நர்ஸ்.

இந்தியாவில் வேறோர் ஆபத்தும் உண்டு. இங்கே மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் இரண்டுமே புழங்குகின்றன. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சால் 100 யூனிட் குப்பியிலிருந்து 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குழந்தை 'லோ சுகர்' ஆவதற்கு இது ஒன்றே போதும். விழிப்போடு இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவமனையில் கிலோவுக்கு 2 மி.லி. வீதம் 10 விழுக்காடு குளுக்கோஸை நரம்பில் ஏற்ற வேண்டும். குளுக்ககான் ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

தென்காசிப் பக்கத்துக் கீழப்பாவூர் போன்ற ஊரில் பெரிய கேள்வி தூரம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதன் தலைமை மருத்துவமனை பக்கத்தில்தான். தீவிர சிகிச்சை வேண்டுமென்றால், மக்கள் 'ஹைகிரவுண்டு' என்று சொல்லும் நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 40 கி.மீ.க்கு மேல். 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கியது, அது இத்தூரத்தைக் கொஞ்சம் குறைத்தது. "பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது" என்று பீடி சுற்றும் தாய் ஒருவர் தூக்கிவந்தால் நிமோனியா என்றும், வாந்தியும் வயிற்றுவலியும் என்றால் குடல்வால் என்றும் நினைப்பதற்கு வாய்ப்பு அதிகம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. எந்தக் குழந்தை மயங்கி வந்தாலும், மூச்சிரைத்து வந்தாலும் முதல் வேலை அதுவாக இருக்க வேண்டும். விடுபட்டால் வேறு எந்தத் திறமையும் ஈடாகாது.

இத்தாலியின் பார்மா வட்டாரத்தில் 1991 முதல் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் சுவரொட்டி ஒட்டினார்கள்; நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது நீரிழிவாக இருக்கலாம் என்பதே செய்தி. புதிதாக நோய் கண்ட குழந்தைகளில் டி.கே.ஏ.வோடு வந்தவர்கள் 78 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். கீழப்பாவூர்ப் பள்ளிச் சுவர்களிலும் அங்கன்வாடிகளிலும் அப்படி ஒரு சுவரொட்டி ஒட்டப் பெரிய செலவு ஆகாது. வட்டாரச் சுகாதாரத் துறை அதைச் செய்யலாம்.