விசில் ஊதிய ஆசான்

குற்றாலச் சாரல் தென்காசி வரை வந்து நனைக்கும் ஆனி மாத மாலைகளில், பள்ளி மைதானத்தில் கூடைப்பந்தாடும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் ஓர் அமெரிக்கரின் நினைவு வரும். அவர் ஹாரி குரோ பக்.

கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த ஆட்டம். அங்கே பயின்ற பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. 1943இல் மறைந்தார்.

இன்று அயல்நாட்டுத் தொழில்முறை லீக்குகளுக்குச் செல்லும் அமெரிக்கப் பயிற்சியாளர், ஓர் அணியை வெல்லவைப்பதற்காக ஒப்பந்தமாகிறார். தோற்றால் பெட்டியைக் கட்டுகிறார். பக் வந்த காலத்தில் இங்கே லீக்கும் இல்லை, ஒப்பந்தத் தொகையும் இல்லை. அவர் உருவாக்கியது அணியை அன்று, ஆசிரியர்களை. ஆட்டவிதிகளை நூலாகவும் தொகுத்தளித்தார். அவரிடம் பயின்றோர் விசிலும் கையுமாகப் பள்ளிகளுக்குச் சென்றனர்.

உடற்கல்விப் பாடவேளையைக் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்ளும் காலம் இது. நாமும் தடுப்பதில்லை. ஆசிரியப் பரம்பரை குறித்து ஓயாது பேசும் இலக்கிய அன்பர்களே, அப்பரம்பரையில் விசில் ஊதியவருக்கும் ஓர் இருக்கை உண்டு.