ஆறாம் திங்களும் கஞ்சியின் அடர்த்தியும்

புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்து, பஜாஜ் ஆட்டோவின் ஆலையால் நாடறிந்த பெயரைப் பெற்ற ஆகுர்டியில், பிழைப்பை நாடிப் பல மாநிலங்களிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள் ஒரே மாடிக் கட்டடத்தின் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வாழ்கின்றன. அத்தகைய கட்டடம் ஒன்றில் ஒரு சிசு ஆறு மாதத்தை எட்டும் தறுவாயில், மதுரையிலிருந்து வந்திருக்கும் பாட்டி வடிகஞ்சியே வயிற்றுக்கு இதமானது என்பார். எதிர்வீட்டு மராத்திப் பாட்டியான ஆஜி, அரிசியைக் குழைய வேகவைத்து நீர்விட்டுக் கரைத்த ‘பேஜ்’ கொடுக்கச் சொல்வார். அங்கன்வாடிப் பணியாளர் பருப்பும் சோறும் மசித்து ஊட்டுங்கள் என்பார். கடையிலோ பெட்டிகளில் அடைத்த தானிய மாவு தயாராகக் காத்திருக்கும். இத்தனை குரல்களுக்கு நடுவில் நிற்கும் இளந்தாய்க்கு, எப்பொழுது தொடங்குவது என்ற கேள்விக்கு மாத்திரம் ஒருவாறு விடை கிடைக்கிறது. எதை, எவ்வளவு கெட்டியாக, யார் ஊட்டுவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை.

இவ்விஷயத்தை நான் ஆராயப் புகுந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. ஆகுர்டியில் வாழும் என் மகளின் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தபோது, குலதெய்வத்தின் சந்நிதியில் அன்னப்பிராசனம் செய்வதே முறை என்று கருதி, விடுப்பும் பயணச்சீட்டும் கைகூடும் வரையில் பொறுத்திருக்கலாம் என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். எட்டாம் மாதத்தின் இறுதியில்தான் அக்குழந்தையின் நாவில் முதற்சோறு பட்டது. அதற்குப் பின்னரும் சில வாரங்கள் நீர்த்த கஞ்சியே அதன் ஆகாரமாயிருந்தது. எடை அட்டையில் அதுவரை ஏறி வந்த கோடு, அக்காலத்தில் ஏறக்குறையப் படுத்துக் கிடந்ததைப் பின்னர்க் கண்டபோது, மரபின் பெயரால் நான் சொன்ன சொல்லுக்கு மரபில் உண்மையிலேயே ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆதாரம் இல்லை என்பதே நான் கண்டது. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் அன்னப்பிராசனத்தை ஆறாம் மாதத்தில் விதித்து, குலவழக்கப்படி மங்கலமென்று கொள்ளப்படும் காலத்தையும் ஒப்புக்கொள்கிறது. சுசுருத சம்ஹிதை, ஆறாம் மாதத்தில் இலகுவானதும் ஹிதமானதுமான அன்னத்தை ஊட்டுமாறு கூறுகிறது. குழந்தை வைத்தியத்துக்கென்றே எழுந்த காசியப சம்ஹிதையோ இவ்விரண்டிலிருந்தும் விலகி, ஆறாம் மாதத்தில் கனிகளைச் சுவைக்கச் செய்யும் பலப்பிராசனத்தை முதலில் வைத்து, தானிய அன்னத்தைப் பல் முளைத்த பின்னரோ பத்தாம் மாதத்திலோதான் அனுமதிக்கிறது. முதல் ஆகாரம் தானியமாகவே இருத்தல் வேண்டும் என்பதை நம் பழைய நூல்கள் ஒருமுகமாக விதித்தன என்று சொல்வோர் காசியபரை மறந்துவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் ‘உஷ்டாவண்’ என வழங்கும் சடங்கிலும், ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்ற கணக்கு வழங்கி, ஐந்து முதல் எட்டு மாதம் வரையிலான ஓர் அகன்ற காலத்தையே காட்டுகிறது. ஆகவே மரபு தந்தது ஒரு வாயில். அதை ஒற்றை முகூர்த்தமாகச் சுருக்கிக்கொண்டவர்கள் நாமே.

தமிழ் மரபில் இதற்கு இன்னும் நுட்பமான சான்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்த பத்துப் பருவங்களுள் இரண்டாவதாகிய செங்கீரை, ஐந்தாம் திங்களை ஒட்டிய பருவம்; ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை முகமசைத்து ஆடும் நிலையே அது. இக்காலக் குழந்தை மருத்துவரும், தலையைத் தானே நிறுத்துதல், தாங்கலுடன் உட்காருதல், வாயில் வைத்ததை நாவால் வெளியே தள்ளும் இயல்பு மறைதல் ஆகிய குறிகளைக் கண்ட பின்னரே ஆகாரம் தொடங்கச் சொல்கின்றனர். புலவர்கள் வைத்தியம் எழுதவில்லை. ஆயினும், நாட்களை எண்ணாமல் குழந்தையின் உடலசைவைப் பார்த்து வயதை அறிந்த கண் அவர்களுக்கு இருந்தது.

மேல்நாட்டின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1930-களின் தொடக்கத்தில் டொராண்டோவின் குழந்தை மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் உருவாக்கிய ‘பாப்லம்’ என்னும் தானிய மாவு பரவியதிலிருந்து, கெட்டி ஆகாரம் தொடங்கும் வயது படிப்படியாகக் கீழிறங்கி, பிறந்த சில வாரங்களிலேயே தானியக் கூழ் கொடுக்கும் வழக்கம் அமெரிக்கக் குடும்பங்களில் வேரூன்றிற்று. இதன் தீங்கு உணரப்பட்டு, 1979-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கூடிய மாநாடு நான்கு முதல் ஆறு மாதம் என்று வரையறுத்தது. மைக்கேல் கிராமரும் ரிட்சுகோ ககுமாவும் அதுவரை கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபின், 2001-இல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரமே என்று தீர்மானித்தது. நம் நாட்டில் குழந்தை உணவு விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும், தொடக்கத்தில் நான்கு மாதம் என்று சொல்லியிருந்ததை 2003-இல் ஆறு மாதமாகத் திருத்திக்கொண்டது.

இவ்வரையறையை நான் மறுக்கவில்லை. ஆறு மாதம் முடியுமுன் நீரும் கஞ்சியும் கொடுக்கப்படும் வீடுகளில் வயிற்றுப்போக்கு மிகுவதற்கு நியாயமான காரணம் கண்முன் நிற்கிறது: பாத்திரம், நீர், கை ஆகிய மூன்றின் வழியாகவும் கிருமி புக இடம் உண்டாகிறது, ஸ்டார்ச்சைச் செரிக்கும் கணையச் சுரப்போ அவ்வயதில் மிகக் குறைவு. 1950-களில் பஞ்சாபின் கன்னா வட்டாரத்தில் நடந்த நீண்ட ஆராய்ச்சியிலிருந்து, பால்மறக்கும் பருவத்து வயிற்றுப்போக்கு என்ற ஒரு தனிப் பெயரையே கார்டன், சித்காரா, வையன் ஆகியோர் 1963-இல் மருத்துவ உலகுக்கு அளித்தனர். ஆனால் அவ்வாராய்ச்சியின் பாடத்தைப் பலர் பாதியளவே படித்தனர். கெட்டி ஆகாரத்தைத் தள்ளிப் போடுவதால் அந்நோய் தீர்வதில்லை. குறைந்த உணவும் அடிக்கடி வரும் நோயும் ஒன்றையொன்று வளர்க்கும் சக்கரமாகவே அது சுழல்கிறது.

இந்தியாவின் உண்மை நிலை என்ன என்பதை 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு விளங்கக் காட்டுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் தாய்ப்பால் மாத்திரமே பெறுகின்றன. ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலுடன் கெட்டி ஆகாரமும் பெறுபவை 45.9 சதவீதமே, ஆறு முதல் இருபத்துமூன்று மாதம் வரையிலுள்ளவற்றில் போதிய ஆகாரம் பெறுபவை 11.3 சதவீதம். ஐந்து வயதுக்குட்பட்டோரில் இரத்தசோகை 67.1 சதவீதம். முந்திக் கொடுப்பதால் வரும் கேட்டைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பிந்தியும் நீர்த்தும் கொடுப்பதால் வரும் கேடு இந்நாட்டில் அதனினும் பரந்தது என்பதை இவ்வெண்கள் சொல்லும்போது, நம் எச்சரிக்கை முழுவதையும் முதல் வாயிலிலேயே செலவிட்டுவிடுவது முறையாகாது.

நீர்த்த கஞ்சியின் தீங்கைச் சொற்களால் விளக்குவதைவிடக் கணக்கால் விளக்குவது மேல். பத்துக் கிராம் அரிசியை இருநூறு மில்லிலிட்டர் நீரில் கரைய வேகவைத்தால் அதில் உள்ளது சுமார் 35 கலோரி. அதே அளவு தாய்ப்பாலில் 130 கலோரிக்கு மேல் உண்டு. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலாக நாளொன்றுக்கு வேண்டுவது 200 கலோரி அளவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதை இக்கஞ்சியிலிருந்து பெற வேண்டுமானால் குழந்தை ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு முப்பது கிராம் என்ற அளவே கொள்ளளவுடைய அச்சிறு இரைப்பைக்கு அது ஆகாத காரியம். கஞ்சி வயிற்றை நிரப்பி, அதனினும் உயர்ந்த தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே மிச்சம். முப்பது கிராம் அரிசியும் பதினைந்து கிராம் பாசிப்பருப்பும் குழைய வெந்த சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால், ஏறக்குறைய அந்த 200 கலோரி முழுவதும் வந்துவிடுகிறது. அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து ஊட்டலாம். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்கும் கெட்டித்தன்மை வேண்டும் என்று செவிலியர் சொல்வது இக்கணக்கின் சாரமே. இலகு என்று சுசுருதர் சொன்னதற்கு நீர்த்தது என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். செரிப்பதற்கு எளியது என்பதே அதன் பொருள்.

கெட்டியாக இருந்தால் குழந்தை விழுங்காதே என்ற தாயின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. தமிழர் கேழ்வரகு என்றும் மராத்தியர் நாச்ணி என்றும் வழங்கும் தானியத்தை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்தால், முளைக்கும்போது பிறந்த நொதி ஸ்டார்ச்சை உடைத்துவிடுவதால், மாவின் அளவைக் கூட்டினாலும் கூழ் பசைபோல் இறுகுவதில்லை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் சேர்த்துச் செய்த ஆராய்ச்சியும், பரோடாவில் தாரா கோபால்தாஸ் முளைதானிய மாவை ஒரு சிட்டிகை சேர்த்துக் கெட்டிக் கூழை இளக்கிக் காட்டிய ஆராய்ச்சியும் 1980-களில் இதை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆனால் அதன் இரும்புச்சத்தைப் பைட்டேட் என்னும் பொருள் கட்டிவைத்திருப்பதால், அதை மாத்திரம் நம்புதல் கூடாது.

இரும்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கருவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்தை ஒட்டித் தீர்ந்துவிடுகிறது. சோகையுற்ற தாய்க்கோ குறை எடையிலோ பிறந்த குழந்தைக்கு இன்னும் முன்னரே தீர்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரம் என்ற கொள்கையை ஆதரித்த கிராமரின் தொகுப்பும் இவ்வபாயத்தை ஒளிக்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தைக்கு வேண்டிய இரும்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு ஆகாரத்திலிருந்தே வர வேண்டும் என்னும்போது, தானியக் கூழை மாதக்கணக்கில் தனியாக ஊட்டிவருவது பெயரளவில் ஊட்டுவதாகவே முடியும். முட்டை, மீன், மசித்த இறைச்சி, அவற்றை உண்ணாத வீட்டில் பருப்பும் கீரையும் எலுமிச்சைச் சாற்றின் துணையும், இவை தொடக்க மாதத்திலேயே இலையில் இடம்பெற வேண்டும்.

ஆகுர்டிக்கு அருகிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி இவ்வாதத்துக்கு மற்றொரு பக்கத்தைத் தருகிறது. 1993-இல் புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் அவர் குழுவினரும், நகரைச் சுற்றிய ஆறு கிராமங்களில் தொடங்கிய தாய்மை ஊட்ட ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டனில் பிறந்தவற்றின் எடை 3.5 கிலோ என்று கண்டனர். எடையில் இத்துணைக் குறைந்த நம் குழந்தைகள் தசையில் மெலிந்தும் கொழுப்பில் அவ்வளவு மெலியாமலும் இருந்தன. மெலிந்த உருவத்துக்குள் கொழுப்பைச் சுமந்து பிறக்கும் சிசுவுக்குச் சர்க்கரையும் மாவும் ஊட்டிக் கன்னத்தைப் பருக்கவைத்து மகிழ்வது, பிற்காலத்து நீரிழிவுக்கு வித்திடுவதாகலாம் என்ற அச்சம் எனக்கு உண்டு. அடர்த்தி என்று நான் சொல்வது இனிப்பை அன்று. சேலத்தில் பிறந்து, குன்னூரிலும் ஐதராபாதிலும் இந்திய ஊட்ட ஆராய்ச்சியை நடத்திய சி. கோபாலன், தனிப் புரத மாவுகளின் மோகத்தை எதிர்த்து, வீட்டு உணவே போதிய அளவில் கொடுக்கப்பட்டால் பெரும்பகுதி குறை தீரும் என்று வாதாடியதையும் இங்கே நினைக்கிறேன்.

நான்கு மாதத்திலேயே தொடங்க வேண்டும் என்போரின் வாதமும் உண்டு. 2015-இல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளுக்கு நிலக்கடலையை முதலாண்டிலேயே கொடுத்தால் அவ்வொவ்வாமை பெரிதும் குறைவதை நிறுவியது. அது உண்மை, ஆனால் அவ்வாய்வு நான்கு முதல் பதினொரு மாதக் குழந்தைகளைச் சேர்த்ததேயன்றி, எல்லாக் குழந்தைக்கும் நான்காம் மாதத்தில் தானியம் தொடங்கச் சொல்லவில்லை. மகாராஷ்டிர அடுக்களையில் என்றும் இருக்கும் கடலையை, முழுப்பருப்பாக அன்றி மாவாகவோ விழுதாகவோ சோற்றில் கலந்து, ஆறாம் மாதத்திலிருந்தே கொடுப்பதற்கு இது நல்ல துணை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது தாயின் நேரத்தைப் பற்றியது. 2017-இல் பேறுகால நலச் சட்டத்தில் செய்த திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பைத் தந்தது. ஆறு மாதம் என்ற அளவோடு இது பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். ஆயினும் அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுத்தவளுக்குப் பின்னர் எஞ்சுவது பதினெட்டு வாரம், அதாவது நான்கு மாதத்துக்குச் சற்று மேல். நிறைமாதத்தில் இரவு பகலாக நிற்க முடியாமல் முன்னரே விடுப்பெடுத்த ஆலைத்தொழிலாளியின் சிசு, சட்டத்தின் கணக்கால் ஆறு மாதத்துக்கு முன்பே கஞ்சிக்குத் தள்ளப்படுகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த கூடங்களிலும் வீட்டு வேலையிலும் உள்ள பெண்களுக்கு இச்சட்டத்தின் நிழலே இல்லை. ஐம்பது பேர் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே செல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. ஏழு மாதக் குழந்தைக்குக் கெட்டிச் சோற்றைப் பொறுமையாக ஊட்ட ஒரு வேளைக்கு அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி கிடைக்காத தாய்தான், பாட்டிலில் ஊற்றினால் தானே இறங்கிவிடும் நீர்த்த கஞ்சியை நாடுகிறாள். ஆகவே 26 வாரத்தையும் பிரசவ நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்றும், பேறுக்கு முந்திய ஓய்வு அதற்கு மேலாகத் தனியே வழங்கப்பட வேண்டும் என்றும், காப்பகத்துக்குச் செல்லும் வேளைகள் முறைவேலையின் இடைவேளையோடு ஒட்டாமல் குழந்தையின் பசியோடு ஒட்டி அமைய வேண்டும் என்றும் கேட்கிறேன்.