ஆரோவில் யாருக்குச் சொந்தம்? தொண்டு அமைப்பிடம் இருந்து அரசு கைக்குப் போனது எப்படி?

புதுச்சேரி நகரத்தில் இருந்து சுமார் 10 கி.மீ. போனால் ஆரோவில். தங்க நிற மாத்ரி மந்திரைப் பார்த்து, செல்ஃபி எடுத்துட்டு வர்றவங்கதான் அதிகம். ஆனால், ஒரு தொண்டு அமைப்பு தொடங்கிய இந்த நகரத்துக்காகவே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது தெரியுமா?

தொடங்கியது யார்?

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவிலைத் தொடங்கி வைத்தவர் ஸ்ரீ அன்னை எனப்படும் மிரா அல்ஃபாசா. 124 நாடுகளின் மண் ஒரே கலசத்தில் இடப்பட்டது. திட்டத்தை நடத்தியது, சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி. புதுச்சேரி நகருக்குள் இருக்கும் அரவிந்தர் ஆசிரமம் வேறு, இது வேறு.

பிரச்னை எப்படி வந்தது?

1973-ல் அன்னை மறைந்த பிறகு, சொசைட்டிக்கும் ஆரோவில்வாசிகளில் பலருக்கும் மோதல் வெடித்தது. பணத்துக்குக் கணக்கு எங்கே, நகரத்தை யார் நடத்துவது என்பதுதான் சண்டை. புகார் மத்திய அரசு வரை போனது. அரசு அமைத்த குழு, நிர்வாகத்தில் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. 1980 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் நிர்வாகத்தை அரசு தற்காலிகமாக எடுத்துக்கொண்டது.

கோர்ட் என்ன சொன்னது?

"அரவிந்தர் போதனை ஒரு மதம், அரசு தலையிட முடியாது" என்பது சொசைட்டியின் வாதம். 1982-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, சட்டம் செல்லும் என்றது. அதன் பிறகு வந்ததுதான் 1988-ம் ஆண்டின் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டம்.

இப்போ அதிகாரம் யாரிடம்?

* நிர்வாகக் குழு: உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. சொத்து, நிர்வாகம் இதன் பொறுப்பு.
* குடியிருப்பாளர் பேரவை: பதிவேட்டில் உள்ள, 18 வயது நிறைந்த அனைவரும் உறுப்பினர்கள்.
* சர்வதேச ஆலோசனைக் குழு: பெயரில் இருப்பது போலவே ஆலோசனைதான்.

அங்கேதான் சிக்கல். 2021 டிசம்பரில் 'கிரவுன் ரோடு' பணிக்காக மரங்கள் வெட்டப்பட்டன. குடியிருப்பாளர்களில் ஒரு பிரிவினர் எதிர்த்தனர். சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் பணியைத் தொடரக் கூடாது என 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்னொரு வழக்கில், பேரவையின் பங்கு ஆலோசனை சொல்வதுதான், நிர்வாக அதிகாரம் குழுவுக்கே என்றும் தெளிவுபடுத்தியது.

மற்ற என்.ஜி.ஓ.க்களுக்கும் இது நடக்குமா?

பொதுவாக இல்லை. பதிவு, வருமான வரிக் கணக்கு, வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. உரிமம் என்று கண்காணிப்பு இருக்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி எஸ்.பி.ஐ. கிளையில்தான் வரவேண்டும். அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீறினால் உரிமம் போகும். ஆனால், அமைப்பையே அரசு எடுத்து நடத்துவது அபூர்வம்.

ஒரு சொசைட்டியின் பிடியில் இருந்து மீள அன்று அரசை நாடினார்கள் ஆரோவில்வாசிகள். இன்று அரசு நியமித்த குழுவோடு சிலர் மோதுகிறார்கள். பேரவைக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்றால் 1988 சட்டத்தையே திருத்த வேண்டும். அது நாடாளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.