கதியாலும் முந்திரிகைத் தடியும்: கல்முனைக் கரையோரத்தில் தண்டுநடுகையின் வரலாறு

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வளவுகளில் மதில் எழும்புவதற்கு முன்னர் எல்லை காத்தது வேலி. வேலியின் உயிர் கதியால். கிளுவை, பூவரசு, முள்முருங்கை மரங்களில் கைப்பிடிப் பருமனான கிளைகளை வெட்டி, மாரி தொடங்கும்போது மணலில் ஊன்றிவிட்டால் சில வாரங்களில் கண் திறந்து துளிர்க்கும். தண்டிலிருந்து மரம் உண்டாக்கும் கலையை இக்கரையோர மக்கள் கதியால் போட்டே பழகினார்கள் என்பது என் துணிபு. பின்னாளில் வந்த மரவள்ளியும் சீமைக்கிளுவையும் முந்திரிகையும் அந்தக் கைப்பழக்கத்தை நம்பியே இங்கு நடப்பட்டன.

கதியால் வெட்டுகிறவர் அடியையும் நுனியையும் மாற்றி ஊன்றமாட்டார். 1878இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபெக்டிங் ஆய்வுகூடத்தில் நிறுவியது இதைத்தான்: கிளையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வேர் அதன் இயல்பான அடிப்பக்கத்திலேயே கூடுதலாகப் பிறக்கிறது. காரணம் 1930களில் தெளிவானது. மொட்டுகளிலும் இளந்தளிரிலும் சுரக்கும் ஆக்சின் கீழ்நோக்கி இறங்கி, வெட்டுவாயருகே திரண்டு, அங்குள்ள கலங்களை வேராக மாறத் தூண்டுகிறது. இன்று நாற்றுமேடைகளில் தடியின் அடியில் தொடும் வேரூக்கிப் பொடி இந்த அறிவின் பயன். கிளுவைக்கும் பூவரசுக்கும் அந்தப் பொடி தேவைப்பட்டதே இல்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பெருந்துணையாக வந்த பயிர் மரவள்ளி. ஒல்லாந்த ஆளுநர் வில்லெம் வான் டி கிராஃப் 1786இல் மொரீஷியசிலிருந்து அதை இலங்கைக்குக் கொணர்ந்தார். கிழங்கைத் தோண்டும்போது மிஞ்சும் தடியே அடுத்த போகத்துக்கு விதை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வேலிக்கு மேலால் கைமாறினால் போதும். மணலும் வறட்சியும் பொறுக்கும் இப்பயிர், 1970களில் அரிசியும் மாவும் தட்டுப்பட்ட ஆண்டுகளில் நாடெங்கும் ஏழைகளின் பசி தீர்த்தது.

ஆனால் தாய்மரத்தின் நற்குணத்தை மாறாமல் சுமக்கும் தடி, அதன் நோயையும் அப்படியே சுமக்கிறது. நம் நாட்டின் பெயரையே தாங்கிய இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் கண்டறியப்பட்டு, பின்னர் அண்டை நாடுகளுக்கும் பரவியது. நோயுள்ள நடுதடியும் வெள்ளை ஈயுமே அதன் வாகனம். தடி கைமாறும் ஊர்களில் தாய்ச்செடியைப் பார்த்துத் தெரிவது இதனால் தவிர்க்க முடியாத கடமை.

முந்திரிகைக்கு வருவோம். தமிழகத்தார் திராட்சை என்பதை இலங்கைத் தமிழ் முந்திரிகை என்றே வழங்கிவந்தது. கஜு மரத்துக்கு மரமுந்திரிகை என்று பெயர். திருக்குர்ஆன் பெயர் சொல்லும் கனிகளில் முந்திரிகை, பேரீச்சை, ஒலிவம், மாதுளை, அத்தி ஆகிய ஐந்தும் நம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரிந்தவை. இந்த ஐந்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: நான்கைத் தடி வெட்டி நடலாம், பேரீச்சையை அடியில் கிளைக்கும் பக்கக்கன்றால் பெருக்கலாம். டானியல் சோஹரி, பின்ஹாஸ் ஸ்பீகல்-ராய் இருவரும் 1975இல் எழுதிய ஆய்வில், மேற்காசியாவின் முதற் பழப்பயிர்களாக ஒலிவமும் முந்திரிகையும் பேரீச்சையும் அத்தியும் அமைந்ததற்கு இந்த எளிமையே வழி என்று காட்டினர். விதையிலிருந்து வரும் கொடி தாயைப்போல் காய்க்கும் என்று சொல்ல முடியாது. விதைப் பேரீச்சையில் ஏறக்குறையப் பாதி ஆண்மரமாகிவிடும். தடியோ தாயே மறுபடி வளர்வது. வேலிக்குக் கதியால் போட்ட நம் மூத்தவர்களின் கைவேலையும் அந்த ஆதித் தோட்டக்காரர்களின் கைவேலையும் ஒன்றே என்பதை நினைக்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

இலங்கையில் முந்திரிகைப் பந்தல் பெருகியது யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணில். குளிர்காலம் இல்லாத நாட்டில் கொடி தானாக ஓய்வெடுப்பதில்லை; கவாத்துப் பண்ணித்தான் பூக்க வைக்க வேண்டும். அப்படி வெட்டியதில் பழுப்பேறி முற்றிய, பென்சில் பருமனுள்ள, மூன்று நான்கு கணுக்கொண்ட துண்டுகளே நடுதடியாகின்றன. கல்முனைப் பக்கம் இடர் தருவது மண் அல்ல, மழை. ஐப்பசி முதல் தை வரை விடாது பெய்யும் வடகீழ்ப் பருவக்காற்று மழையில் இலையடியில் சாம்பல் படர்ந்து பூங்கொத்து அழுகும். மாரி ஓய்ந்தபின் கவாத்துப் பண்ணி, பூவும் காயும் வெயிலில் வருமாறு காலம் பிடித்தால் ஒரு வளவுப் பந்தல் இங்கும் கைகூடும்.

வேலியை இழந்ததுதான் பெரிய நட்டம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை வீடுகளோடு வளவு மரங்களையும் வாரிச் சென்றது, கிணறுகளில் உப்பேறியது. மீண்டும் கட்டியபோது கதியால் நின்ற இடங்களில் கல்மதில் வந்தது. மறைவுக்கும் காவலுக்கும் மதில் நல்லதுதான். ஆயினும் ஒவ்வொரு வேலியும் ஒரு தாய்ச்செடிக் களஞ்சியமாயிருந்தது: கறிக்கு முருங்கைக் கிளை, எருவுக்குச் சீமைக்கிளுவைக் குழை, கல்யாண வீட்டுக்கு மருதோன்றிக் கொப்பு எல்லாம் அங்கேயே ஒடிக்கப்பட்டன. ஒடித்ததில் ஒன்றை ஊன்றிவிட்டுப் போவதும் வழக்கம். எஞ்சிய வேலிகளில் எந்த மரங்கள் நிற்கின்றன, எந்த வளவிலிருந்து வந்தவை என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலை ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.