விந்தணுவைப் பிரித்தெடுக்கும் முறைகளும் அவற்றின் சோதனையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான லாசரோ ஸ்பல்லன்சானி தவளையின் விந்தைத் தாளில் வடிகட்டியபோது, வடிந்த நீர் முட்டைகளைக் கருவுறச் செய்யும் ஆற்றலை இழந்திருந்ததையும், தாளில் தங்கிய வண்டலில் அவ்வாற்றல் எஞ்சியிருந்ததையும் கண்டார். ஆயினும் கருவுறுதலுக்குக் காரணம் விந்துநீரே, அதில் நெளியும் உயிரிகள் அல்ல என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. சான்று கண்முன் இருந்தும் முடிவு வழுவியது இத்துறையில் அதுவே கடைசி முறையன்று. 1824இல் ஆய்வாளர்களான பிரெவோவும் தூமாவும் அச்சோதனையை மீண்டும் செய்து விந்தணுக்களே காரணம் என்றனர்.

உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978இல் பிறந்த பின்னர்ப் பெருகிய கருத்தரிப்பு நிலையங்களில், விந்தைச் சத்துக் கரைசலில் கலந்து மையவிலக்கியில், அதாவது விரைந்து சுழற்றிக் கனமானவற்றை அடியில் படியவைக்கும் கருவியில், இட்டு, படிந்த திரளிலிருந்து மேல்நோக்கி நீந்தி வரும் அணுக்களைச் சேகரிப்பது வழக்கமாயிற்று. நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அம்முறையில் குறையேதும் தெரியவில்லை. 1980களின் பிற்பகுதியில் எடின்பரோவில் ஜான் எயிட்கன் குழுவினர் நடத்திய ஆய்வுகளோ, பழுதுற்ற அணுக்களையும் வெள்ளணுக்களையும் நல்லவற்றோடு சேர்த்துச் சுழற்றி இறுக்கும்போது, உயிரணுச் சவ்வைச் சிதைக்கவல்ல வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிப்பட்டு நல்ல அணுக்களையும் கெடுக்கின்றன என்று காட்டின. சிகிச்சைக்கான தயாரிப்பே சிலரது தோல்விக்குக் காரணமாயிருக்கலாம் என்ற சங்கடமான ஐயம் இதனால் வலுத்தது.

சுழற்றும்போதே அணுக்களைத் தரம் பிரிக்கும் அடர்த்திப் படிநிலை முறை இதற்கு மாற்றாக நிலைபெற்றது. அடர்த்தி வேறுபட்ட கரைசல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் ஊடே முதிர்ந்த அணுக்களை மட்டும் அடிக்கு இறங்கச் செய்யும் இம்முறைக்குப் பெரிதும் பயன்பட்ட பெர்கால், ஆய்வுக்கூட வேலைக்கென உருவாக்கப்பட்ட சிலிக்காத் துகள் கரைசலாகும். பல்லாண்டுகள் சிகிச்சையில் புழங்கிய பிறகு, அதை ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என 1996இல் தயாரிப்பாளரே அறிவித்ததால், வேறு பூச்சுடைய சிலிக்காக் கரைசல்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

இவை யாவும் பெரும்பாலும் அணுவின் அசைவையும் எண்ணிக்கையையும் கொண்டே மதிப்பிடப்பட்டன. குழந்தைப் பிறப்பையே அளவுகோலாகக் கொண்ட பெருஞ்சோதனைகள் தாமதமாகவே வந்தன. முட்டையைச் சூழ்ந்துள்ள ஹயலூரோனன் என்னும் பொருளில் ஒட்டும் அணுவைத் தேர்ந்து முட்டைக்குள் செலுத்தும் முறையைப் பிரிட்டனில் 2,700க்கு மேற்பட்ட தம்பதியரிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நிறைமாதப் பிறப்பு விகிதம் 27.4 விழுக்காடாகவும், வழக்கமான முறையில் 25.2 விழுக்காடாகவும் இருந்தது; இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடியது. கருச்சிதைவு 7.0 விழுக்காட்டிலிருந்து 4.3 ஆகக் குறைந்திருந்தும், சோதனையின் முதன்மை வினா அதுவன்று என்பதால், ஆய்வாளர்கள் அம்முறையைப் பரவலாகக் கையாளப் பரிந்துரைக்கவில்லை.