ஒரு நட்டுக்கு மேலே மூன்று காலங்கள்

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமாவின் காரில் ஸ்டியரிங் சில்லின் தோல் உரிந்துபோயிருந்தது. ஓடிவிட்டு இறங்கினால் உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. பழைய சாமான் கடையில் அதே மொடல் சில்லு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "கராஜுக்கு ஏன் காசு? நடுவில ஒரு நட்டுத்தானே. மொறிஸ் மைனர்ல எத்தினை தரம் கழட்டிப் பூட்டியிருக்கிறன்" எண்டு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தின் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகமும் வராது. ஓட்டுகிறவரே திருத்துகிறவர், வீட்டு முற்றமே கராஜ். மாமாவின் கைத்துணிவு அங்கே வந்தது. ஆனால் அந்தச் சில்லு வேறு காலத்துச் சில்லு.

கார் பிறந்தபோது சில்லே இல்லை. கார்ல் பென்ஸின் 1886ஆம் ஆண்டு வண்டியைத் திருப்பியது ஒரு கைபிடிதான். 1894இல் பரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த ஓட்டத்தில் வஷெரோன் என்பவர் தன் பனார் வண்டிக்கு வட்டச் சில்லைப் பூட்டினார். பிறகு எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். தண்டின் நுனியில் பல்லுப் பல்லாக வெட்டி, அதில் சில்லைக் கொளுவி, நடுவில் நட் போட்டு இறுக்குவது வழமையானது. மாமாவுக்குத் தெரிந்தது இந்தக் காலம்.

இந்தக் காலம் தருகிற விதிகள் இரண்டு. முன்சில்லுகளை நேராக வைத்து, ஸ்டியரிங் சில்லிலும் தண்டிலும் ஒரே கோட்டில் அடையாளம் போடவேணும். நட்டை இளக்கினாலும் முழுக்கக் கழட்டாமல் சில புரிகளில் விட்டுவைக்கவேணும். இல்லையெண்டால் இறுகியிருந்த சில்லு திடீரெனக் கழன்று முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது காலம் இரத்தத்தில் எழுதப்பட்டது. மடங்காத தண்டு விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சை ஈட்டி மாதிரிக் குத்தியது. 1965இல் ரால்ஃப் நாடர் அமெரிக்கக் கார்களின் ஆபத்தைப் புத்தகமாக எழுதினார். 1967 மொடல்களில் ஜெனரல் மோட்டர்ஸ், அடிபட்டால் உள்வாங்கி மடங்குகிற தண்டைப் போட்டது. 1968இலிருந்து அங்கே அது சட்டமும் ஆனது. மடங்கவென்றே செய்த தண்டின் தலையில் சுத்தியலால் அடித்தால் என்ன ஆகும்? உள்ளே சேதப்படலாம், வெளியே தெரியாது. நான் மாமாவிடம் முதலில் வாங்கி வைத்தது அந்தச் சுத்தியலைத்தான். வராத சில்லுக்குப் புல்லர் போட்டுத்தான் இழுக்கவேணும்.

மூன்றாவது காலம் எயார்பேக். அமெரிக்கரான ஜோன் ஹெட்ரிக் 1953இல் காப்புரிமை பெற்றார். மெர்சிடஸ் 1980களின் தொடக்கத்தில் அதைச் சில்லுக்குள் வைத்தது. மோதி ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் பை ஊதிவிடும், ஏனென்றால் உள்ளே இருப்பது வெடிமருந்து. ஆகவே முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டிப் பொறுக்கவேணும். கருவிக்குள் மின் தங்கியிருக்கும். சில ரொயோட்டாக் கையேடுகள் 90 விநாடி சொல்கின்றன, வேறு கார்களுக்குக் கூடலாம். நாங்கள் பத்து நிமிசம் தேத்தண்ணி குடித்தோம். பிறகு திருகாணிகளை இளக்கி, மஞ்சள் பிளக்கைக் கழட்டி, பையின் முகப்பை உடம்புக்கு எதிராகப் பிடிக்காமல் கொண்டுபோய் மேசையில் முகப்பு மேலே பார்க்க வைத்தோம். மல்ரிமீட்டர் பிடித்துப் பார்க்கவே கூடாது. சில்லுக்குப் பின்னால் சுருண்டிருக்கிற வயர்ப்பெட்டியையும் சுழற்றக்கூடாது, சுழன்றால் பிறகு திருப்பும்போது அறுந்துபோகும்.

பூட்டும்போது கையேட்டில் உள்ள அளவுக்கே நட்டை இறுக்கவேணும். பற்றரியைத் திரும்பக் கொளுவும்போது சில்லுக்கு முன்னால் ஒருவரும் இருக்கக்கூடாது.

எங்களுக்கு ஒரு பல் தவறிவிட்டது. அடையாளத்தைப் பழைய சில்லில் போட்டோமே தவிரப் புதியதுக்கு மாற்ற மறந்துபோனோம். நேரே ஓடினால் சில்லு சரிந்து நின்றது. பற்றரியிலிருந்து திரும்பத் தொடங்கி முழுக்கச் செய்தோம். எயார்பேக் விளக்கு அணைந்த பிறகுதான் மாமா ஒழுங்கைக்கு இறக்கினார். அணையாட்டில் தெரிந்த ஆளிடம் கொண்டுபோவதாக இருந்தோம்.

பழைய எயார்பேக்கை மட்டும் கடையில் வாங்காதேங்கோ. தகாட்டா நிறுவனத்தின் பைகள் வெக்கையிலும் ஈரத்திலும் பழுதாகி, உலோகத் துண்டுகளைச் சிதறி ஆட்களைக் கொன்றன. கோடிக்கணக்கில் மீளழைக்கப்பட்டன. எங்கட ஊர்க் காலநிலையும் அந்த வெக்கையும் ஈரமும்தான். சேசி இலக்கத்தைக் கொடுத்து உங்கட காரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா எண்டு பாருங்கோ.

தடைக்காலம் எங்கட ஆக்களுக்குக் கொடுத்த கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலையை முடித்தது மாமாவின் கைதான். அந்தக் கைக்குப் பிறகு வந்த இரண்டு காலங்களை நாங்கள் வாசித்துச் சொல்லவேண்டியிருந்தது, அவ்வளவுதான். சுத்தியல் இப்பவும் என் அறையில்தான் இருக்கு.