விண்டோஸுக்கும் மாற்றல் உத்தரவு!

மாற்றலாகி தில்லி வந்த நம்மவர்களுக்கு காஸ் கனெக்ஷன் மாற்றிய அனுபவம் இருக்கும். அடுப்பு நம்முடையது, சிலிண்டர் கம்பெனியுடையது. அதை ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கி வந்தால்தான் இங்கே சமையல். விண்டோஸும் ஏறக்குறைய அப்படித்தான். காசு கொடுத்தாலும் கையில் கிடைப்பது உரிமம் மட்டுமே. (நான் பி.காம். ஆசாமி, கணினிப் புலிகள் பொறுத்தருள்க!)

2001-ல் எக்ஸ்பியோடு மைக்ரோசாஃப்ட் 'ஆக்டிவேஷன்' என்றொரு பூட்டு போட்டது. ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று பெட்டிக்குள் இருப்பதை எல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும். நிறைய மாறினால் மறுபடி பதிவு செய்யச் சொல்லும். பெரிய நிறுவனங்களின் மொத்த உரிம எண்ணுக்கு மட்டும் பூட்டு கிடையாது. அப்படி ஒரு எண் வெளியே கசிந்து... அப்புறம் நடந்ததை நேரு ப்ளேஸ் நடைபாதையில் சிடி பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

இதற்குள் கம்ப்யூட்டரே ஒரு ஃபைலாகிவிட்டது. 2003-ல் விஎம்வேர் கொண்டுவந்த விமோஷன், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை அணைக்காமலே வேறு சர்வருக்கு மாற்றியது. அப்படியானால் உரிமம் எந்தப் பெட்டிக்கு?

விஸ்டாவோடு கேஎம்எஸ் வந்தது. அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரே ஆக்டிவேஷன் தரும். 180 நாள் செல்லும், ஏழு நாளுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் குறைந்தது 25 கணினிகள் (சர்வர் என்றால் 5) கேட்டால்தான் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைக்கணக்கில் மெய்நிகர் கணினி சேராது. வீட்டில் சாப்பாடு உண்டு, ரேஷன் கார்டில் பெயர் இல்லை! 2009-ல் விண்டோஸ் 7-ம் சர்வர் 2008 ஆர்2-வும் வந்த பிறகே பெயர் சேர்த்தார்கள். 2013-ல் சர்வர் 2012 ஆர்2 டேட்டாசென்டர் இன்னும் ஒரு படி போனது. வீட்டுக்காரரான ஹோஸ்ட் ஆக்டிவேட் ஆகியிருந்தால் குடியிருப்பவருக்கும் அதுவே கொடுத்துவிடும், இணையம்கூட வேண்டாம். அதே வகை ஹோஸ்டுக்கு மாறினால் அங்கும் கிடைக்கும்.

2014 பிப்ரவரியில் இங்கே தில்லியில் மத்திய அரசின் 'மேகராஜ்' கிளவுட் தொடங்கியது. துறைக்கொரு சர்வர் என்பது போய், பொதுவில் இடம் வாங்கும் காலம். வங்கிகளிலோ கோர் பேங்கிங் வந்ததும் கிளை சர்வர்கள் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தன. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய பென்ஷன் வரவைக் கேட்டு ஒரு பெரியவர் வந்து நின்றால் விடை அந்தப் பழைய பெட்டியில்தான். அதை மெய்நிகராக்கி வைக்கலாம். பெட்டியில் ஒட்டிய ஓஇஎம் ஸ்டிக்கர் உரிமம் மட்டும் கூட வராது. பெட்டியோடு உடன்கட்டை!

ஆடிட்டர் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமம் இருப்பது வேறு. விண்டோஸ் சர்வர் உரிமத்தைப் பொதுவாக 90 நாளுக்கு ஒரு முறைதான் வேறு பெட்டிக்கு மாற்றலாம். பெட்டிக்கு வாங்கிய உரிமம் என்றால், தினம் இடம் மாறும் மெய்நிகர் கணினி போகக்கூடிய எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவாகத் தனித்தனி உரிமம் வேண்டும்.

விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் என்றால், கமாண்ட் விண்டோவில் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்வி என்ற வால் சேர்த்துக் கொடுங்கள். ஓஇஎம்மா, கேஎம்எஸ்ஸா என்று சொல்லிவிடும். இடம் மாற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.